நஞ்சு நுழையும் வாயில்



பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில் கெலிஓயாவை அடைந்தவர்கள், வயலோரத்திலோ புகையிரதப் பாதையின் கரையிலோ கீரியொன்று குறுக்கே ஓடி மறைவதைக் கண்டிருப்பர். கீரியைக் காண்பது நல்ல சகுனம் என்பாரும் உளர். அந்த ஆராய்ச்சியில் இன்று நாம் இறங்கப்போவதில்லை. நாகத்தோடு போரிட்டுக் கடிபட்ட கீரி, புதருக்குள் ஓடி ஒரு பச்சிலையைத் தின்று, நஞ்சு முறிந்தவுடன் திரும்பி வந்து போரைத் தொடரும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்பச்சிலைக்குக் கீரிப்பூண்டு என்ற பெயரும் வழங்குகிறது. கீரி அதைத் தேடி ஓடுவதை நேரிற் கண்டவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆயினும், நாகத்தின் நஞ்சைக் கீரி பெருமளவு தாங்கிக்கொள்கிறது என்பது மெய்யே. அதற்குரிய காரணங்களுள் முக்கியமானதொன்று 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து புதருக்குள் இல்லை. கீரியின் தசையிலே, ஒரு புரதத்தின் ஒருசில அமினோ அமிலங்களிலே அது இருக்கிறது.

அந்தப் புரதத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு. கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வில் பதிந்து நின்று, வெளியிலிருந்து வரும் இரசாயனத் தூதனை ஏற்று, செய்தியை உள்ளே அனுப்பும் புரதங்களை வாங்கிகள் என்பர். எந்தத் தூதன் எந்த வாங்கியில் அமர்வான், எவன் வாயிலோடு திரும்புவான் என்பதைத் தீர்மானிப்பது வாங்கியின் வடிவம். சொல்லும்போது இது எளிய செய்தியாகத் தோன்றும். ஆனால் கெலிஓயாவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள பேராதனையில், மருந்து கொடுத்துக் குணமடைந்து வருகிறார் என்று கருதப்பட்ட நோயாளர் மூன்றாம் நாளிலே மூச்சுவிட முடியாமற் போனது ஏன் என்ற கேள்விக்கும் விடை அந்த வடிவத்திலேதான் தேட வேண்டியிருந்தது. அங்கே பின்னர் வருவோம்.

நாகத்தின் நஞ்சு ஒரே பொருளன்று. பல புரதங்களின் கலவை. அவற்றுட் சில கடிபட்ட இடத்தின் தசையை அழிக்கும். வேறு சில, நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையாதவாறு தடுக்கும். கண்ணிமை சோர்ந்து விழும், நா குழறும், இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும். நரம்போ தசையோ கெட்டுவிடவில்லை. இரண்டுக்கும் இடையிலே பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவே.

நரம்பு முனை தசையைத் தொடுவதில்லை. நடுவே மிகச் சிறியதோர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது கூறு அகலம் இருக்கும். அந்த இடைவெளியை எது கடக்கிறது? 1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலே ஜோன் லாங்லி என்ற உடற்றொழிலியலறிஞர் கோழியின் தசையில் நிக்கொட்டீனை இட்டபோது அது சுருங்கியது. அத்தசைக்குச் செல்லும் நரம்பு முற்றாக அழிந்த பின்னரும் சுருங்கியது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியிற் பூசும் குராரே என்ற நஞ்சை இட்டபோதோ, அந்தச் சுருக்கம் தடைப்பட்டது. ஆகவே இவ்விரண்டும் நரம்பிற் செயற்படவில்லை. தசையின் மேல் இவற்றை ஏற்கும் ஏதோவொரு பொருள் இருக்கவேண்டும் என்று லாங்லி முடிவுகட்டினார். அதைக் கண்ணாற் கண்டாரில்லை, அனுமானித்தார். வாங்கி என்ற கருத்து இவ்வாறு பிறந்தது.

தூதன் யார் என்பது 1921ஆம் ஆண்டில் ஓட்டோ லோவி செய்த தவளை இதயச் சோதனையால் துலங்கத் தொடங்கியது. அச்சோதனை அவருக்குக் கனவிலே தோன்றியது என்பதும், நள்ளிரவில் எழுந்து கிறுக்கி வைத்ததை விடிந்தபின் அவராலேயே வாசிக்க முடியவில்லை என்பதும், அடுத்த இரவு மீண்டும் அதே கனவு வந்ததும் நேரே ஆய்வுகூடத்துக்கு ஓடினார் என்பதும் அவரே சொன்ன கதை. ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் ஊற்றினார். அதன் துடிப்பும் தணிந்தது. திரவத்தில் இருந்த பொருள் அசற்றைல்கோலின். தசைக்கும் நரம்புக்கும் இடையே தூது செல்வதும் அதுவே. இப்பொருள் பற்றிய ஆராய்ச்சிக்காக லோவியும் இங்கிலாந்தின் ஹென்றி டேலும் 1936இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். இதே அசற்றைல்கோலின் இதயத்தைத் தணிக்கிறது. கைகால்களின் தசையையோ சுருங்கச் செய்கிறது. ஒரே தூதன், எதிரெதிரான இரு செய்திகள். 1914ஆம் ஆண்டிலேயே டேல் இவ்விரு செயல்களையும் பிரித்துக் காட்டியிருந்தார். ஒன்று நிக்கொட்டீனின் செயலை ஒத்தது. மற்றது நச்சுக் காளானிலிருந்து எடுத்த மஸ்கரீனின் செயலை ஒத்தது. எனவே வாங்கிகளை நிக்கொட்டீன் வகை, மஸ்கரீன் வகை என இரண்டாக வகுத்தனர். ஒரே திறப்பு இரண்டு பூட்டுக்களைத் திறக்கிறது. ஆனால் அந்தப் பூட்டுக்கள் ஒன்றையொன்று சிறிதும் ஒத்தவையல்ல என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது.

மென்சவ்விற் பதிந்த புரதத்தின் வடிவத்தைக் காண்பது அரிய வேலை. சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்பிலே வாழப் பழகிய புரதத்தை அதிலிருந்து பிரித்தெடுத்தால் அது நிலைகுலைந்துபோகும். பளிங்காகப் படியவைத்து ஊடுகதிர் செலுத்துவது இலகுவன்று. நல்வேளையாக, மின்சாரத் திருக்கை என்னும் கடல்மீன், இரையை அதிரச் செய்யும் தன் மின்னுறுப்பு முழுவதையும் நிக்கொட்டீன் வகை வாங்கிகளால் நிரப்பி வைத்திருக்கிறது. அம்மீனின் சவ்வைக் கடுங்குளிரில் உறையவைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நைஜல் அன்வின் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2005இல் விரிவான வடிவத்தை வெளியிட்டார். அதற்கு முன்பே, 2001ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்தார் குளத்து நத்தையொன்றில் ஒரு புரதத்தைக் கண்டிருந்தனர். சவ்விற் பதியாமல் நீரிற் கரைந்து நிற்பது. ஆயினும் நிக்கொட்டீன் வகை வாங்கியின் தலைப்பகுதியை அப்படியே உரித்து வைத்தது போன்றது. உலகத்தின் பேரறிவாளரெல்லாம் தேடிய படத்தை ஒரு நத்தை அளித்தது.

இத்தகைய படம் ஒவ்வொன்றையும் ஏற்குமுன் விஞ்ஞானிகள் ஒரு பரீட்சைக்கு உட்படுத்துவர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம், எந்தக் கோணத்தில் வளையவே முடியாது என்று காட்டும் வரைபடம் அது. 1963இல் அதை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான இராமகிருஷ்ணனும் சசிசேகரனும். இன்றும் உலகெங்கும் அது இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. தமிழ் நேயர்கள் இதை அறிந்திருத்தல் தகும்.

இனி அந்த வாங்கியின் வடிவைப் பார்ப்போம். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நிற்கின்றன. நடுவே ஒரு துவாரம். அது சவ்வை ஊடறுத்துச் செல்கிறது. வழமையாக அத்துவாரம் மூடியிருக்கும். ஐந்தில் இரண்டு துண்டுகள் ஒரே வகையானவை. அவற்றை அல்பாத் துண்டுகள் என்பர். ஒவ்வோர் அல்பாத் துண்டும் அடுத்த துண்டைச் சந்திக்கும் இடுக்கில், சவ்வுக்கு வெளியே, தூதன் அமரும் சிறு குகை உண்டு. ஆகவே ஒரு வாங்கிக்கு இரு குகைகள். இரண்டிலும் அசற்றைல்கோலின் அமர்ந்தாலே துவாரம் நன்கு திறக்கும். திறந்ததும் சோடியம் அயன்கள் உள்ளே பாய, தசை சுருங்கும். தசையின் மேல் நரம்பு முனைக்கு எதிரே, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமும் அகலமும் கொண்ட சதுரத்திலே இத்தகைய வாங்கிகள் ஏறத்தாழ 10,000 நெருங்கி நிற்கின்றன.

குகையின் சுவர்கள் திரிப்தோபன், தைரோசின் என்ற அமினோ அமிலங்களால் ஆனவை. இவற்றுக்குத் தட்டையான வளையங்கள் உண்டு. அவ்வளையங்களின் முகம் எதிர்மின் செறிவுடையது. அசற்றைல்கோலினின் ஒரு முனை நேர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே அது வந்து அமரும்போது, வளையங்கள் நாற்புறமும் முகங்காட்டி அதை அணைத்துக்கொள்கின்றன. குகைக்கு வெளியே தொங்கும் ஒரு புரத மடிப்பு, கண்ணிமை மூடுவதுபோல் அதன்மேற் கவிகிறது. இந்த இமை மூடும் அசைவே கீழே சென்று துவாரத்தைத் திறக்கிறது. பூட்டும் திறப்பும் என்று முன்பு சொன்னேன். அவ்வுவமை இங்கே சற்றுக் குறைபடுகிறது. இரும்புப் பூட்டு திறப்பைக் கண்டு தன் உருவை மாற்றுவதில்லை. இந்த வாங்கியோ மாற்றிக்கொள்கிறது.

இப்போது நஞ்சு வருகிறது. தாய்வானிலும் சீனாவிலும் வாழும் ஒருவகைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து, 1963இல் தாய்ப்பேயில் சாங், லீ என்னும் இரு அறிஞர் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அல்பா பங்காரோடொக்சின் என்று அதற்குப் பெயர். நாகத்தின் நரம்பு நஞ்சும் இதே குடும்பத்தது. மூன்று விரல்களை நீட்டிய கைபோன்ற வடிவம் இக்குடும்பத்தின் அடையாளம். அசற்றைல்கோலினில் உள்ள அணுக்கள் 26. இந்நஞ்சோ எடையில் அதைவிட ஐம்பது மடங்குக்கு மேல் பெரியது. குகைக்குள் முழுவதும் நுழைய அதற்கு இயலாது. நுழையவேண்டிய தேவையும் இல்லை. நடுவிரலை இமையின் கீழே செலுத்தி, இமையை மூடவொட்டாமல் நிறுத்திவிடுகிறது. குகை அடைபட்டது, இமை அசையவில்லை, துவாரம் மூடியே இருக்கிறது. விரலின் நுனியில் நேர்மின்னேற்றமுள்ள ஓர் அமினோ அமிலம், அசற்றைல்கோலின் அமரவேண்டிய அதே வளையங்களின் நடுவே சென்று அமர்வதை 2007இல் வெளியான படம் காட்டியது. உரியவனின் ஆசனத்தை அந்நியன் கவர்ந்த கதைதான்.

கீரிக்கு வருவோம். இஸ்ரவேலிலுள்ள வைஸ்மன் ஆராய்ச்சிக் கழகத்தார் எகிப்தியக் கீரியின் அல்பாத் துண்டை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட செய்தி இது. குகையின் வாயிலுள்ள பகுதியில் கீரியின் புரதம் பிற மிருகங்களின் புரதத்திலிருந்து ஒருசில இடங்களில் வேறுபடுகிறது. 187ஆம் இடத்தில் அஸ்பரஜீன் என்ற அமினோ அமிலம் அமைந்து, அதன்மேல் வெல்லச் சங்கிலியொன்று மரக்கிளைபோல் வளர்ந்து நிற்கிறது. அருகே 194ஆம் 197ஆம் இடங்களிலும் மாற்றங்கள் உண்டு. மாடு நுழையாமல் ஆள் மட்டும் நுழையுமாறு வேலியில் விடும் கடப்பை நீங்கள் அறிவீர்கள். அதுபோலவே இதுவும். சிறிய அசற்றைல்கோலின் தடையின்றி உள்ளே சென்று வருகிறது; மூன்று விரல் நஞ்சு இமையை அணுக முடியாமல் வெளியே நிற்கிறது. நாகமும் தன் நஞ்சாலேயே சாகாமல் தப்புவது இத்தகைய உபாயத்தாலேயே. அதன் வாங்கியில் வெல்லச் சங்கிலி இரண்டு இடம் தள்ளி, 189இல் இருக்கிறது. எலியின் வாங்கியில் அதே இடத்தில் வெல்லச் சங்கிலியை அமைத்தபோது, அதுவும் நஞ்சுக்கு மசியவில்லை. பரம வைரிகளான கீரியும் பாம்பும் ஒரே யுக்தியைத் தனித்தனியே கண்டடைந்திருப்பது வியப்பன்றோ!

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் காப்பு மூன்று விரல் நஞ்சுக்கு மாத்திரமே. குருதியைத் தாக்கும் விரியன் நஞ்சுக்கும் இந்த வாயிலுக்கும் தொடர்பில்லை.

இனிப் பேராதனைக்குச் செல்வோம். இங்கே எதிரி பாம்பன்று. பயிருக்குத் தெளிக்கும் பொஸ்பரஸ் சார்ந்த பூச்சிநாசினி. தவறியும், மனமுடைந்தும் அதை உட்கொண்டோர் நம் நாட்டு வைத்தியசாலைகளில் பல்லாண்டுகளாகப் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டு வந்தனர். இந்த நஞ்சு வாங்கியின் குகையை அடைப்பதில்லை. அசற்றைல்கோலின் தன் வேலையை முடித்ததும் அதை உடனே சிதைத்து அகற்றும் நொதியம் ஒன்று உண்டு. அந்த நொதியத்தை இது முடக்கிவிடுகிறது. ஆகவே அசற்றைல்கோலின் அகலாமல் தேங்கி, இருவகை வாங்கிகளையும் ஓயாது தட்டிக்கொண்டே இருக்கிறது. எச்சில் பெருகும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சில் நீர் நிரம்பும். இவை மஸ்கரீன் வகை வாங்கிகளின் கூக்குரல். தசைகள் துடித்துப் பின்னர் தளர்வது நிக்கொட்டீன் வகையின் கூக்குரல்.

வைத்தியர் உடனே கொடுக்கும் மருந்து அற்றோப்பீன். ஊமத்தை இனத்துக்கு உறவான செடிகளிலிருந்து கிடைப்பது. அது நெஞ்சை உலரவைக்கும், இதயத்தை மீட்கும், எத்தனையோ உயிரைக் காத்த மருந்து. ஆனால் தசையின் தளர்ச்சியில் அது கைவைப்பதில்லை. ஏன்? மஸ்கரீன் வகை வாங்கியின் வடிவம் 2012ஆம் ஆண்டில் வெளியானபோது காரணம் கண்முன் நின்றது. இந்த வாங்கி ஐந்து துண்டுகளின் வட்டமன்று. ஒரே புரதச் சங்கிலி சவ்வை ஏழுமுறை ஊடறுத்து வளைந்து நிற்கிறது. துவாரமே இல்லை. தூதன் அமரும் இடம் வெளியோரத்து இடுக்கில் அன்று. ஏழு தூண்களின் நடுவே, ஆழக் கிணறு ஒன்றில். அங்கும் வளையங்கள் சூழ்ந்திருக்கின்றன. எதிர்மின்னேற்றமுள்ள ஓர் அமினோ அமிலம் அடியில் காத்திருக்கிறது. அற்றோப்பீன் போன்ற பருத்த உருவம் அக்கிணற்றுக்குள் இறங்கி இறுகப் பொருந்துகிறது. இடுக்கிலுள்ள நிக்கொட்டீன் குகையிலோ, நோயாளருக்குக் கொடுக்கும் அளவில், அதற்கு இடமில்லை. அசற்றைல்கோலின் சிறியது, வளையக்கூடியது. ஆகவே இரு வீட்டிலும் குடியிருக்கிறது. அற்றோப்பீனுக்கு ஒரு வீடுதான்.

இந்தப் பேதத்தின் விலை என்ன என்பதைப் பேராதனை மருத்துவபீடத்தைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினர். அதுவரை இந்நஞ்சின் விளைவுகளை இரண்டாக வைத்தியர்கள் அறிந்திருந்தனர்: உடனே வருவது ஒன்று, இரண்டு மூன்று வாரங்களின் பின் நரம்பு சோர்வது மற்றொன்று. இவர்கள் கண்ட 10 நோயாளரோ இடைநடுவில் வீழ்ந்தனர். முதற் கட்டம் தணிந்த பின்னர், நஞ்சுண்ட 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்தும் தோளும் தொடையும் தளர்ந்தன. மூச்சுத் தசைகளும் ஓய்ந்தன. நால்வருக்கு அவசரமாகச் செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்தது. தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. தசையின் மின்னோட்டத்தை அளந்தபோது, கோளாறு நரம்பு முனைக்கு அப்பால், வாங்கி இருக்கும் பக்கத்தில் என்பதற்கான அறிகுறி தென்பட்டது. ஓயாது தட்டப்பட்ட நிக்கொட்டீன் வகை வாங்கிகள் செய்திக்குச் செவிகொடுக்கும் தன்மையை இழந்துவிடுகின்றன எனக் கருதலாம். இந்நிலைக்கு இடைநிலை நோய்க்குறி என்று அவர்கள் இட்ட பெயரை இன்று உலகத்து வைத்திய நூல்கள் ஆள்கின்றன.

அப்படியாயின் நிக்கொட்டீன் குகையை அடைக்கும் மருந்தைக் கொடுக்கலாமே என்று ஒரு நேயர் கேட்கக்கூடும். கொடுத்தால் என்னாகும்? குராரேயும் நாகமும் செய்வதை வைத்தியரே செய்தவராவார். மூச்சு முற்றாக நின்றுவிடும். முடங்கிய நொதியத்தை மீட்கும் மருந்தொன்று உண்டு. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அதைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் நன்மை விளைந்ததாகக் காட்டவில்லை. எஞ்சுவது காலம் ஒன்றே: தசை தானாக மீளும்வரை இயந்திரம் மூச்சுவிட வேண்டும். பேராதனைக் கட்டுரையிற் குறித்த நஞ்சுகள் நான்கு. அவற்றுள் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவற்றை 1995இலும், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவற்றை 2008க்கும் 2011க்கும் இடையிலும் நம் நாட்டு அரசு தடைசெய்தது. நஞ்சுண்டு இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. எந்த மருந்தும் செய்யாத உதவி அது என்பேன்.

ஆயினும் அத்தகைய நோயாளர் வருவது முற்றாக நின்றுவிடவில்லை. இரண்டாம் நாட் காலையில் ஒருவர் கண் விழித்து, உறவினரோடு பேசி, நெஞ்சு தெளிவாக இருக்க, அற்றோப்பீன் தன் வேலையைச் செவ்வனே முடித்திருக்க, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார். அவ்வேளையில் தாதி அவரது நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டு அகல்வதில்லை. “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள், பார்ப்போம்” என்கிறார். தலை எழவில்லையென்றால், சுவாச இயந்திரத்தைக் கட்டிலருகே கொண்டுவரச் சொல்கிறார்.